ஹெரிடேஜ் வாக்: உலாவா, நடையா?

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையில் 'ஹெரிடேஜ் வாக்' என்ற சொல் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் நிலம் கிடைத்ததைக் கணக்கில் வைத்து, 2004 முதல் சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் மயிலாப்பூரில் ஒரு வாக், ஜார்ஜ் டவுனில் ஒரு வாக், திருவல்லிக்கேணியில் ஒரு வாக். அழைப்பைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. 'பாரம்பரிய நடைப்பயணம்' என்று ஒருவர் எழுதுகிறார், 'மரபு நடை' என்று இன்னொருவர், 'நகர் உலா' என்று வேறொருவர். பலர் 'ஹெரிடேஜ் வாக்' என்றே விட்டுவிடுகிறார்கள். எல்லாம் ஒரே பொருள்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நடப்பவரை வெவ்வேறு இடத்தில் நிறுத்துகிறது.

முதலில் பொருள். விஷயம் தெரிந்த ஒருவர் முன்னே போக, பத்து இருபது பேர் கூடவே நடந்து, ஓர் ஊரின் ஒரு பகுதியை நின்று நின்று பார்ப்பதுதான் இது. பேருந்தில் போகும் டூரிலிருந்து இதைப் பிரிப்பது வேகம். வண்டியில் போனால் கோபுரம் தெரியும், கோபுரத்துக்கு எதிர்க்கடை தெரியாது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய கட்டடம், கோயில், கல்வெட்டு ஆகியவற்றைப் பார்க்கும் நடை. இன்னொன்று, தெருவையே பார்க்கும் நடை. நடைபாதை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, பூங்கா எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடம் உண்டா, பெண்கள் போகக்கூடிய கழிப்பறை எங்கே என்று கேட்கும் நடை. இந்த இரண்டாவது வகைக்குத் தமிழில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை. எனக்கு அதிக அக்கறை அதன் மேல்தான்.

ஆங்கிலத்தின் 'வாக்' பழைய ஆங்கிலத்தில் உருளுதல், புரளுதல் என்ற பொருளில் இருந்த சொல். பிறகுதான் காலால் நடப்பதற்கு வந்தது. துணியை மிதித்துத் துவைத்துக் கெட்டியாக்குகிற தொழிலுக்கும் இந்தச் சொல் வழங்கியது. 'வாக்கர்' என்ற குடும்பப் பெயர் அந்தத் தொழிலாளிகளிடமிருந்து வந்ததுதான். 'ஹெரிடேஜ்' லத்தீனில் வாரிசைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, அதன் அடிப்பொருள் வாரிசுக்கு வந்து சேர்ந்த சொத்து.

தமிழின் 'மரபு' சொத்து அல்ல. 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்கிறது நன்னூல். முன்னோர் செய்தபடி செய்வது, சொன்னபடி சொல்வது மரபு. அதாவது அது ஒரு பொருளாக இருப்பதல்ல, ஒரு செயலாகத் தொடர்வது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹெரிடேஜ் என்றால் கட்டடம் போதும். மரபு என்றால் அந்தக் கட்டடத்தின் வாசலில் நான்கு தலைமுறையாகப் பூக்கட்டுகிறவரும் அதற்குள் வருவார். 'பாரம்பரியம்' வடமொழியின் பரம்பரையிலிருந்து வந்தது. பிழையான சொல் இல்லை, ஆனால் இப்போது சேலைக்கடை விளம்பரத்திலும் சமையல் எண்ணெய் உறையிலும் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது.

சரி, 'நடை'க்கு வருவோம். நட என்ற வேர் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் உண்டு. தமிழில் அது காலோடு நின்றுவிடவில்லை. நடப்பது என்றால் நிகழ்வதும்தான். நடத்தை, நடைமுறை, நடப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். எழுத்துக்கு நடை உண்டு, உரைநடை என்கிறோம். பழைய வீட்டில் வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையே இருக்கும் இடைவழியும் நடைதான். கோயிலில் நடை திறப்பார்கள், நடை சாத்துவார்கள். லாரிக்காரர் மூன்று நடை மணல் அடித்தேன் என்பார். 'சாயங்காலம் ஒரு நடை வந்துட்டுப் போ' என்று அத்தை கூப்பிடுவார். போக்கு, வழி, வாசல், தடவை, ஒழுக்கம் இத்தனையும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

போட்டிக்கு வரும் சொற்களைப் பார்ப்போம். 'நடைப்பயணம்' என்றதும் தலைவர் முன்னே வர, கொடியோடு ஊர் ஊராகப் போவது நினைவுக்கு வருகிறது, அல்லது பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கும் பாதயாத்திரை. போய்ச் சேரும் இடம்தான் அங்கே முக்கியம். 'நடைப்பயிற்சி' உடம்புக்கு. இலங்கைத் தமிழில் 'நடைபவனி' என்ற அழகான சொல் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கும் நிதி சேர்ப்பதற்கும் பதாகை பிடித்து ஊரைச் சுற்றி வருவது. பவனி என்றால் அரசனோ தெய்வமோ வீதியில் எழுந்தருளுவது.

'உலா'வும் இந்த வீட்டுப் பிள்ளைதான். உலா ஒரு சிற்றிலக்கிய வகை. சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலாவை ஆதி உலா என்பார்கள். தலைவன் யானை மீதோ தேர் மீதோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். கவனியுங்கள், அங்கே பார்க்கப்படுபவன் போகிறவன், பார்ப்பது தெரு. உலாவுதல் என்ற வினைக்கு இந்தப் பெருமிதம் இல்லை, மாலையில் காற்று வாங்க எவரும் உலாவலாம். ஆனால் பெயர்ச்சொல்லாக உலா என்றதும் மேளமும் குடையும் கூடவே வந்துவிடுகின்றன. சுற்றுலா என்ற சொல்லிலும் அந்தச் சாயல் கொஞ்சம் உண்டு. வந்தவர் படம் எடுத்துக்கொள்ள, ஊர் பின்புலமாக நிற்கிறது.

நாம் இங்கே பெயர் தேடும் நடையில் இது தலைகீழ். நடப்பவர் யாருக்கும் காட்சி அல்ல. அவர் பார்க்கிறவர், கேட்கிறவர். இதற்கும் நம் இலக்கியத்தில் முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே ஊர்காண் காதை என்று பெயர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரைக்குள் தனியே போகிறான். நவமணிக் கடைகள், பொன் வணிகர் வீதி, துணி விற்கும் அறுவை வீதி, தானியம் விற்கும் கூல வீதி என்று நடந்தே பார்க்கிறான். அவன் வருவதை வீதி திரும்பிப் பார்க்கவில்லை. பிழைக்க வழி தேடி வந்தவன் ஊரைப் படிக்கிறான். 'ஊர்காண்' என்ற அந்தத் தொடரை அப்படியே இன்றைக்குக் கொண்டுவரலாம் என்று ஆசைதான், ஆனால் பேச்சில் ஒட்டாது.

உலக அளவில் இந்த இரண்டாவது வகை நடைக்கு, அதாவது தெருவையே பார்க்கும் நடைக்கு, பேர்போனது ஜேன் ஜேக்கப்ஸின் பெயரில் நடக்கும் 'ஜேன்ஸ் வாக்'. ஜேன் ஜேக்கப்ஸ் நகரத் திட்டமிடல் பட்டம் பெற்றவர் இல்லை, பத்திரிகையாளர். நியூயார்க்கில் அவர் வாழ்ந்த பகுதியைக் கிழித்துக்கொண்டு விரைவுச்சாலை போட அந்நகரின் செல்வாக்கு மிக்க அதிகாரி ராபர்ட் மோசஸ் முனைந்தபோது, தெருக்காரர்களைத் திரட்டித் தடுத்தவர்களில் முன்னால் நின்றவர். கடைக்காரரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அது பாதுகாப்பாக இருக்கிறது என்று 1961இல் எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை விசாரித்த நம் பாட்டிகளுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. 1968இல் குடும்பத்தோடு டொரான்டோவுக்குப் போனார். அங்கேயும் ஸ்பாடைனா விரைவுச்சாலைக்கு எதிரான போராட்டத்தில் சேர்ந்தார். 1971இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2006 ஏப்ரலில் அவர் இறந்தார். அவருடைய நண்பர்கள் சிலை வைக்கவில்லை, அடுத்த ஆண்டு மே மாதம் ஊர்க்காரர்களை நடக்க அழைத்தார்கள். அவர் பிறந்த நாளான மே 4ஐ ஒட்டி, மே முதல் வார இறுதியில் இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தன் பேட்டையில் ஒரு நடையை நடத்தலாம். வழிகாட்டி பேச மற்றவர் கேட்பது என்றில்லாமல், எல்லாரும் பேசிக்கொண்டே போவதுதான் அதன் இலக்கணம்.

தமிழில் 'நடை' என்ற சொல்லை இந்தப் பொருளில் நிலைநிறுத்தியதில் மதுரையின் பசுமை நடைக்குப் பெரிய பங்கு உண்டு. யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் பேச்சு எழுந்தபோது கிளம்பிய எதிர்ப்பிலிருந்து, 2010இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்தது அது. கீழக்குயில்குடியிலும் அரிட்டாபட்டியிலும் மாங்குளத்திலும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளையும் ஆயிரக்கணக்கானோர் முதன்முதலாகப் பார்த்தது இந்த நடைகளில்தான். 2022இல் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டார ஊர்கள் கொந்தளித்தன. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள், அதே மாதம் ஏலம் ரத்தானது. அந்த வெற்றி ஊர்க்காரர்களுடையது. ஆனால் மலையில் என்ன இருக்கிறது என்று மதுரை நகரத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நடைகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மலைக்கும் கல்வெட்டுக்கும் 'மரபு நடை' சரியான சொல். சாக்கடை மூடி உடைந்து கிடக்கும் தெருவைப் பார்க்கப் போவதை அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு நான் பரிந்துரைப்பது 'தெரு நடை'. தெரு சங்க காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் சொல், மதுரையின் வீதியை 'யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு' என்கிறது மதுரைக்காஞ்சி. 'நகர் நடை' என்றும் சொல்லலாம், ஆனால் அது மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடும். தெரு பேரூராட்சியிலும் உண்டு, கிராமத்திலும் உண்டு.

தெரு நடையில் என்ன பார்ப்பார்கள்? பிளாட்பாரத்தையே எடுத்துக்கொள்வோம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 நெறிமுறைப்படி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் போகும் அளவு அது. விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இப்போது அளவு நாடாவோடு நம் தெருவில் நின்று பாருங்கள். அகலம் ஏட்டில் இருக்கும். அதில் மின்வாரியப் பெட்டி ஒன்று குறுக்கே நிற்கும், அதன் பக்கத்தில் கடை போர்டு, அதை ஒட்டி நான்கு பைக். விளிம்போ முக்கால் அடி உயரத்தில் இருக்கும். முட்டி வலி உள்ள அம்மா ஒருவர் ஒவ்வொரு வீட்டு கேட் சரிவிலும் இறங்கி ஏறுவதற்குப் பதில் சாலையிலேயே நடந்து போவார், பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும். அவர் மேல் தவறே இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் வந்தது, அங்கே மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடுவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அது ஒரு சாலை. மற்ற தெருக்களுக்கும் அது வர வேண்டும் என்றால் எங்கே என்ன தடை என்று தெருக்காரர்களே எழுதி வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க வேண்டும். தெரு நடையின் வேலை அதுதான். நடைபாதை வியாபாரியைத் துரத்துவது அதன் வேலை இல்லை. 2014இன் தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்கும் அங்கே இடம் தருகிறது, அதையும் அளந்து குறிக்க வேண்டும்.

இதோடு வரும் வேறு சில சொற்கள். 'வாக் ஆடிட்' என்பதைத் தெருத் தணிக்கை எனலாம். 'வாக்கபிலிட்டி'யை நடைத்திறன் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. திறன் மனிதருக்கு, இங்கே பேசுவது தெருவின் குணத்தை. நடக்கத்தக்க தெரு, நடக்கத் தோதான தெரு என்று பெயரடையாகவே சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

நடக்க முடியாதவரை 'நடை' என்ற சொல் விலக்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நம் பேச்சில் சைக்கிளில் போனாலும் ஒரு நடை போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்கிறோம், சக்கர நாற்காலிக்கும் அது பொருந்தும். இருந்தாலும் அழைப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது: 'தெரு நடை. ஞாயிறு காலை 6.30. தெற்கு மாட வீதி முனையில் கூடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர் முன்னால் செல்வார், அவர் போக முடியாத இடமெல்லாம் குறித்துக்கொள்ளப்படும். அளவு நாடா இருந்தால் கொண்டு வரவும்.'