துணைநொதி: பெரியாத்தா கேட்ட சொல்

காரைக்குடி வீட்டு முகப்பில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பெரியாத்தா ஒரு பாட்டிலை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் வைத்துவிட்டுப் போன சத்து மாத்திரை. "ஏந்தம்பி, கோஎன்சைம் கியூ10-னு போட்டிருக்கே. பத்து நாளைக்கு ஒண்ணா, ஒரு நாளைக்குப் பத்தா?"

இரண்டும் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எப்படிப்பட்ட மாத்திரையை வாங்க வேண்டும், எப்போது விழுங்க வேண்டும் என்பதற்கான விடை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'சூமே' என்றால் மாவைப் புளிக்கவைக்கும் உறை. 'என்' என்றால் உள்ளே. ஈஸ்ட்டுக்குள் இருந்து வேலை செய்யும் பொருள் என்ற கருத்தில், ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1877-இல் 'என்சைம்' என்று பெயரிட்டார். உடலில் நடக்கும் வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் பொருள் அது. நாம் நொதி என்கிறோம். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கி மூடியைத் தள்ளி நிற்கிறதே, அந்த நொதித்தலிலிருந்து வந்த சொல். கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அடுக்களையில்தான் பிறந்திருக்கின்றன. கலைச்சொல் என்றால் இப்படி அமைய வேண்டும்.

'கோ' என்ற முன்னொட்டுக்கு ஒரு சோதனை காரணம். 1906-இல் லண்டனில் ஹார்டன், யங் என்ற இரு வேதியியலாளர்கள் ஈஸ்ட் சாற்றை இரண்டாகப் பிரித்தார்கள். தனித்தனியாக வைத்தால் எந்தப் பகுதியும் சர்க்கரையை நொதிக்கவில்லை, சேர்த்ததும் நொதித்தது. ஒரு பகுதி சூட்டில் கெட்டுப்போகும் நொதி. மற்றது கொதிக்கவைத்தாலும் கெடாத, சின்ன மூலக்கூறுகள் கொண்ட கூட்டாளி. அந்தக் கூட்டாளிதான் கோஎன்சைம்.

தமிழில் இதற்கு இணைநொதி, துணைநொதி இரண்டும் வழங்குகின்றன. எனக்குத் துணைநொதியே சரி. இணை என்றால் சமமான ஜோடி. இதுவும் ஒரு நொதிதான் என்று மயங்க வைக்கும். இது நொதியல்ல, நொதிக்குக் கைகொடுப்பது. கல்யாணப் பத்திரிகையின் தலையில் 'குன்றக்குடி முருகன் துணை' என்று போடுகிற ஊரில் துணை என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்து கியூ. 1957-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து இந்த மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்தார். உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாகும் இடமான மைட்டோகாண்டிரியாவில் இது எலக்ட்ரான்களை ஒரு நொதித் தொகுதியிடம் வாங்கி அடுத்ததிடம் கொடுக்கிறது. குயினோன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது என்பதால் கியூ. அந்தக் குயினோனின் வேர் தென்னமெரிக்கப் பழங்குடியினர் சிங்கோனா மரப்பட்டைக்கு வைத்த பெயர். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த 'கொய்னா'வும் அதே வேர்தான். உடலெங்கும் இருப்பதால் 'யுபிகுயினோன்' என்றும் பெயர். தமிழில் எங்குநிறை குயினோன் எனலாம்.

10 என்பது வாலின் நீளம். ஐசோப்ரீன் என்ற, ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட கண்ணிகள் பத்து, சங்கிலியாகத் தொங்குகின்றன. ரப்பர் பாலும் இதே கண்ணிகளால் ஆனது. மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர்களின் ஊருக்கு அது தூரத்து உறவு! மனிதருக்குப் பத்துக் கண்ணி, எலிக்குப் பெரும்பாலும் ஒன்பது, ஈஸ்ட்டுக்கு ஆறு.

விஷயமே இந்த வாலில்தான் இருக்கிறது. ஐம்பது கார்பன் கொண்ட வால் தண்ணீரோடு சேராது. பெரியாத்தா பார்க்கட்டும் என்று, தூள் அடைத்த ஒரு கேப்சூலைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கொட்டினேன். ஆரஞ்சுத் தூள் அப்படியே மிதந்தது; கலக்கினால் கரண்டியில் ஒட்டியது. இன்னொன்றை, சுடவைத்த நல்லெண்ணெயில் போட்டேன். சற்று நேரத்தில் எண்ணெய் மஞ்சளாக மாறிற்று. இது சுமார் 50 டிகிரி செல்சியஸில் உருகும். உடம்புச் சூட்டில் உருகாது. படிகமாகவே குடலுக்குப் போனால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். அதனால் உலர்தூள் மாத்திரையைவிட, எண்ணெயில் கரைத்து மென்கூட்டில் அடைத்தது நல்லது. வெறும் வயிற்றில் காபியோடு வேண்டாம். நெய்யோ எண்ணெயோ உள்ள மதியச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும்.

'யுபிகுயினால்' என்று ஒன்று அதிக விலைக்கு விற்கிறது. அதே பொருளின் எலக்ட்ரான் ஏற்ற வடிவம். உடல் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும். சிலருக்கு அது ரத்தத்தில் கூடுதலாக ஏறலாம். ஆனாலும் எண்ணெயில் நன்றாகக் கரைந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கியூ10 முதுமையைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. உடலே இதைத் தயாரிக்கிறது. வயதோடு சில உறுப்புகளில் குறைகிறது. மத்தி மீனிலும் வேர்க்கடலையிலும் கொஞ்சம் கிடைக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, கொலஸ்ட்ரால் உண்டாகும் அதே பாதையை அடைப்பதால், ரத்தத்தில் இதன் அளவும் குறைகிறது.

பெரியாத்தா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். துணைநொதி கியூ10-இன் அமைப்பு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது. வார்ஃபரினின் வேலையை அது குறைத்துவிடக்கூடும். "டாக்டர்ட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க ஆத்தா" என்றேன். "செவ்வாய்க்கிழமை போறேன், இந்தப் பேரை எழுதிக் குடு" என்றார். தமிழில் எழுதிக் கொடுத்தேன், பக்கத்தில் பாட்டிலில் இருந்த பெயரையும்.