கார்ட்டூன்: கேலிச்சித்திரமா, கருத்துப்படமா?

கார்ட்டூன் என்ற சொல்லுக்கு வேர் தாள்தான். இத்தாலிய மொழியில் 'கார்த்தோனே' என்றால் கெட்டியான தாள். சுவரில் ஓவியம் தீட்டும் முன் அதே அளவில் தாளில் போட்டுப் பார்க்கும் மாதிரிப் படத்துக்கும் அதே பெயர். 1843-ல் லண்டனில் நாடாளுமன்றக் கட்டடச் சுவர்களுக்கான மாதிரிப் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஏழைகள் பட்டினி கிடக்கும்போது இதற்குச் செலவா என்று கேட்பது போல, கந்தல் உடுத்தியவர்கள் அந்தக் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஜான் லீச் வரைய, 'பஞ்ச்' பத்திரிகை அதற்கு 'கார்ட்டூன்' என்றே பெயர் போட்டது. அப்புறம் பத்திரிகைப் படத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

தமிழில் பாரதியாரின் 'இந்தியா' இதழ் அப்போதே வெள்ளையர் ஆட்சியைச் சாடி இப்படிப் படங்கள் போட்டது. இன்று நாம் கேலிச்சித்திரம், கருத்துப்படம் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். நான் பிரித்துத்தான் சொல்வேன். மூக்கைப் பெரிதாக்கி, ஆளை மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பது கேலிச்சித்திரம். ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்திரிகை என்ன நினைக்கிறது என்று சொல்வது கருத்துப்படம்.

2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க்கின் 'யூலண்ட்ஸ்-போஸ்டன்' நாளிதழ் 12 படங்களை வெளியிட்டதே, அதில் இரண்டு வகையும் இருந்தன. ஒன்றில் நபிகள் நாயகத்தின் தலைப்பாகையையே வெடிகுண்டாக வரைந்திருந்தார்கள். இன்னொன்றில் முகம்மது என்ற பள்ளிக்கூடப் பையன், அந்தப் பத்திரிகைக்காரர்களே ஆத்திரமூட்டும் பிற்போக்குவாதிகள் என்று கரும்பலகையில் பாரசீகத்தில் எழுதிவிட்டு நிற்கிறான். இதுதான் கருத்துப்படம். முதல் படம் கோடிக்கணக்கான மக்கள் உயிராக மதிப்பவரை இழிவுபடுத்தியது, அவ்வளவுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் என்று பள்ளிவாசலும் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் பழைய வடஆற்காட்டில் இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை எடு, புதுத் தொப்பி போடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட உத்தரவுதான் 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் இந்து, முஸ்லிம் சிப்பாய்களைச் சேர்ந்து எழ வைத்த காரணங்களில் முக்கியமானது.

அதற்காக வரைந்தவனை வெட்டு, சுடு என்பதை ஒருநாளும் ஏற்க முடியாது. 2015 ஜனவரி 7-ல் பாரிஸில் 'ஷார்லி எப்தோ' என்ற கேலிப் பத்திரிகையின் அலுவலகத் தாக்குதலில் 12 பேரைக் கொன்றது கொலை, வேறு பெயரே கிடையாது. நம் நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927-லேயே 295-ஏ பிரிவு வந்துவிட்டது; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வை அவமதித்தால்தான் குற்றம், தெரியாமல் செய்தது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1957-ல் சொல்லிவிட்டது. கோபம் வந்தால் அந்த வழியில் போகலாம், மறுப்பு எழுதலாம், பேப்பரை வாங்காமல் விடலாம்.

ஆட்சியில் இருப்பவர்களைக் கேட்கும் படம் என்றால் கதையே வேறு. 1987-ல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதே, அது அப்பட்டமான அநியாயம். அந்த மாதிரிப் படங்களுக்குக் கருத்துப்படம் என்ற பெயரை வையுங்கள். டென்மார்க் தலைப்பாகைப் படத்தைப் பற்றி எழுதும்போது கேலிச்சித்திரம் என்றே எழுதுங்கள்.