பிலிம்: சுருளா, படலமா?

"சும்மா பிலிம் காட்டாதே" என்று இன்றும் சொல்கிறோம். சொல்கிற பையன் பிலிமைக் கையால் தொட்டிருக்க மாட்டான். எங்கள் வீட்டில் அதன் கடைசி மிச்சம் பூஜை அலமாரியில் இருக்கிற கறுப்பு டப்பா. அதில் 36 படம் எடுக்கிற சுருள் இருந்த காலம் போய், இப்போது விபூதி இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'பில்மென்'. மெல்லிய தோல், சவ்வு என்று பொருள். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே, அது மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்துப் பூச்சை இந்தப் பெயரால் அழைத்தார்கள். கண்ணாடி போய் வளைகிற செல்லுலாய்டு வந்ததும் பூச்சின் பெயர் சுருளுக்கு ஆனது. அப்புறம் சுருளில் ஓடிய கதைக்கும் அதுவே பெயர்.

பெயர் பொருந்தித்தான் இருந்தது. பூச்சில் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சில ஜெலட்டினில் மட்டும் படம் பளிச்சென்று விழுவது ஏன் என்று 1920களில் பிலிம் தயாரித்த அமெரிக்க நிறுவனமான கோடாக்கின் ஆய்வகத்தில் ஷெப்பர்டு என்பவர் தேடினார். கடுகு எண்ணெயில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மம்தான் காரணம் என்று தெரிந்தது. மாடு கடுகுச் செடி மேய்ந்ததன் பலன்!

கோடாக் என்ற சொல்லுக்கு வேர் தேடவேண்டாம். நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கே' என்ற எழுத்தின் மேலுள்ள ஆசையில் தானே கட்டிய சொல் அது. 1888இல் 25 டாலருக்கு அவர் விற்ற கேமராப் பெட்டியில் 100 படத்துக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்தால் பெட்டியோடு கோடாக்கின் ஊரான ராச்செஸ்டருக்கு அனுப்பவேண்டும். சுருளை மருந்தில் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா? சுருள், கழுவும் மருந்து, அச்சுத் தாள் என்று வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார். நூறு ஆண்டு வண்டி இதில்தான் ஓடியது.

அதே கோடாக்கில் 1975இல் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் சுருளே இல்லாத கேமராவைச் செய்தார். எடை சுமார் மூன்றரை கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 வினாடி. மேலிடத்தில் பார்த்தார்கள், வெளியே சொல்லவேண்டாம் என்றார்கள். அதற்காக, கோடாக் கடைசிவரை தூங்கியது என்று எழுதுவது நியாயமில்லை. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா அதிகம் விற்றதே கோடாக்தான். என்ன பயன்? கேமரா வாங்கிப் போனவர் சுருளுக்காகத் திரும்பி வரவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது.

ஜப்பானின் புஜிபிலிமுக்கும் அதே அடிதான் விழுந்தது. ஆனால் அவர்கள் பிலிமை வேறு கண்ணால் பார்த்தார்கள். மெல்லியதாக, ஒரே சீராக, பிசிறில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று பூசுகிற கைவேலை தங்களிடம் இருக்கிறதே என்று யோசித்தார்கள். எல்சிடி திரைக்குள் போகும் பாதுகாப்புப் பிலிமில் பெரும் பணம் போட்டார்கள். 2007இல் முகத்துக்குப் பூசும் கிரீமே கொண்டுவந்தார்கள். ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. நம் தோலில் இருப்பதும் அந்தப் புரதம்தான். தோலில் பிறந்த சொல் தோலுக்கே போய்ச் சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'படச்சுருள்' என்று வழங்குகிறோம். கேமராவுக்குள் போவதற்கு அது நல்ல சொல். ஆனால் எல்சிடிக்குள் இருப்பது சுருள் அல்ல. ஸ்கேன் சென்டரில் கவரில் போட்டுத் தருவதும், செல்போன் கடையில் திரைமேல் ஒட்டித் தருவதும் சுருள் அல்ல. இங்கெல்லாம் 'படலம்' என்பதே என் தேர்வு. கண்ணில் படலம், ஓசோன் படலம், புகைப்படலம் என்று ஏற்கெனவே நாக்கில் இருக்கிற சொல். படம் என்றால் பழைய தமிழில் துணி. பேகன் மயிலுக்குப் போர்த்தியது படாம். காய்ச்சிய பாலின்மேல் படிவதை ஆங்கிலத்தில் தோல் என்பார்கள், நாம் ஆடை என்கிறோம். அவர்களுக்குத் தோலாகத் தெரிந்தது நமக்குத் துணியாகத் தெரிந்திருக்கிறது.

அப்படிப் பார்த்தால் கோடாக் விற்றது படச்சுருள், புஜி பிழைத்தது படலத்தால். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஸ்டூடியோக்காரர்கள் சொன்ன 'கழுவுவது' என்பதற்கும் மாற்று தேடவேண்டாம். "பிலிம் கழுவக் கொடுத்திருக்கு, வியாழக்கிழமை வாங்க" என்றால் எல்லோருக்கும் புரிந்தது.