பாழடைந்த கழனி வீடும் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலும்

கிணறு வற்றி, விவசாயம் விட்டுப்போய் ஆளில்லாமல் கிடக்கும் கழனி வீடுகள் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நிறைய உண்டு. ரீல்ஸ் எடுக்கவும், தாத்தா வாழ்ந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் அங்கே போகிறார்கள். பாம்புக்கும் புதர் மூடிய கிணற்றுக்கும் பயப்படுகிறார்கள், அது சரிதான். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு அதைவிடக் கவலை தருவது ஸ்க்ரப் டைபஸ். உயர்ந்த புல்லும் புதரும் எலியும் இருக்கும் இடத்தில் வாழும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல் இது. இடிந்த மாட்டுக்கொட்டகையும் பழைய வைக்கோல் மேடும் அதற்கு நல்ல இடம். கடிப்பது தெரியவே தெரியாது. காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் போய்வந்ததே மறந்துவிடும்.

கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. ரத்தத்தில் தட்டணுக்களும் குறையும், அதனால் டெங்கு என்றே நினைப்பார்கள். வேலூர் வட்டாரத்தில் மழைக்காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை இது அதிகம் வருவதால், காய்ச்சலோடு வருபவரின் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பக்கம் எல்லாம் பார்ப்பேன். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் அவருக்கே தெரிந்திருக்காது. கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அது இல்லாமலும் இந்த நோய் வரும், அப்போது ரத்தப் பரிசோதனைதான் வழி.

தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும், உயிரும் போகும். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவோம். பென்சிலின் வகை மருந்து இதில் வேலை செய்யாது, கடையில் தானாக வாங்கிப் போடுவது நாளைத்தான் வீணாக்கும். தீவிர நோய்க்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையிலான ஆய்வு 2023-இல் காட்டியது.

போவதென்றால் முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போங்கள். புல்லில் உட்காராதீர்கள், துணியைப் புதரில் காயப்போடாதீர்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், உடுத்தியதைத் துவைக்கப் போடுங்கள். அப்புறம் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்தக் கழனிக்குப் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.