தவறான காதுக்குச் செய்த வைத்தியம்

விடிகாலையில் பெரியம்மா கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுத்தார். அவ்வளவுதான். மேலே இருந்த ஃபேன், உத்தரம், சுவர் எல்லாம் சுழன்றன. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தார். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் திரும்பினால் மறுபடியும் சுற்றல். வீட்டில் பித்தம் என்றார்கள், பிரஷர் என்றார்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை, மாத்திரை என்று மூன்று வாரம் ஓடியது. கடைசியில் ஓர் இ.என்.டி. டாக்டர் அவரைப் படுக்க வைத்து, தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஐந்து நிமிடத்தில் எழுப்பி உட்கார வைத்தார். மறுநாள் சுற்றல் இல்லை.

அந்தச் சுற்றலுக்குக் காரணம் இதுதான். உள்காதில், தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணரும் ஒரு சிறு பை இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். முட்டை ஓடும் சிப்பியும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட்தான். வயதானாலோ தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழல்களில் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழலில்தான் விழும், தாழ்வாக இருப்பது அதுதான். தலையைச் சாய்த்ததும் துகள்கள் சரிந்து, குழலில் உள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகும். குழலின் முனையில் இருக்கும் ஜெல்லி போன்ற தடுப்பு வளையும். தலை சுழல்கிறது என்று மூளைக்குச் செய்தி போய்விடும்.

டாக்டர் இதை நோயாளியின் கண்ணில் பார்க்கிறார். தலையை 45 பாகை திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைப்பார். சில விநாடி ஒன்றும் இருக்காது. அப்புறம் கருவிழிகள் சுழன்றுகொண்டே மேல்நோக்கித் துடிக்க ஆரம்பிக்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். துகள்கள் நகரத் தொடங்கப் பிடிக்கும் நேரம்தான் அந்தச் சில விநாடி. அவை அடியில் படிந்ததும் துடிப்பு நிற்கிறது. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் விவரித்த இந்தச் சோதனையைத்தான் இன்றும் செய்கிறார்கள்.

துகள்கள் ஒட்டிக்கொண்டிராமல் மிதக்கின்றன என்றால், புவியீர்ப்பையே வைத்து அவற்றை வந்த வழியே வெளியேற்றிவிடலாமே? அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இருந்த ஜான் எப்லி இப்படித்தான் யோசித்தார். தலையைப் படிப்படியாகத் திருப்பும் முறையை 1980-இல் சக மருத்துவர்கள் முன் செய்து காட்டினார். நம்பியவர்கள் குறைவு. அவருடைய கட்டுரை அச்சேற 1992 ஆகிவிட்டது. அதே ஆண்டில் கனடாவில் அறுவை செய்த இருவர், குழலுக்குள் துகள்கள் மிதப்பதை நேரிலேயே பார்த்ததாக எழுதினார்கள்.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. இந்தத் தலைசுற்றல் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பெரியம்மாவுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. டாக்டர் தொடாமலே இருந்திருந்தாலும் மறுநாள் சரியாகியிருக்கலாம், அவர் ஒருவர் குணமானதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. மாத்திரை என்றால் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஆளைப் புரட்டிப் போடும் வைத்தியத்துக்குப் போலியை எங்கே போய்த் தேடுவது?

பெர்லின் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அருமையான விடை இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கெட்ட காதுக்கான எப்லி முறை. மறு பாதிக்கும் அதே எப்லி முறைதான், ஆனால் நல்ல காதுக்கு! அதே படுக்கை, அதே திருப்பல், அதே நேரம், திசை மட்டும் வேறு. துகள்கள் இல்லாத பக்கத்தில் வெளியேற்ற என்ன இருக்கிறது? எந்தப் பக்கம் செய்தார்கள் என்று தெரியாத வேறொருவர் 24 மணி நேரம் கழித்துக் கண்களைச் சோதித்தார். சரியான காதுக்குச் செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சுற்றலும் இல்லை, கண் துடிப்பும் இல்லை. மற்ற குழுவில் 10 சதவீதம்.

அந்த 24 மணி நேரம் என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தானாகக் குணமாக வாரங்கள் ஆகும், அதனால் ஒரே நாளில் தெரியும் வித்தியாசத்தை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது. யாரையும் நீண்ட நாள் வைத்தியமில்லாமல் வாட விடவும் தேவையில்லை. போலி வைத்தியம் பெற்றவர்களில் குணமாகாதவர்களுக்கும் அடுத்து உண்மையானதைச் செய்தார்கள்.

இத்தகைய ஆய்வுகள் எப்லி முறையிலிருந்து சிலவற்றைக் கழிக்கவும் செய்தன. எப்லி காதின் பின்னெலும்பில் அதிர்வுக் கருவி வைத்தார், அதனால் கூடுதல் பயன் தெரியவில்லை. முடிந்த பின் இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்கச் சொல்வார்கள். அதன் பலன் மிகச் சிறியது என்று தெரிந்ததால், 2017-இல் அமெரிக்க இ.என்.டி. அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி அதை வழக்கமாகச் சொல்ல வேண்டாம் என்றது.

எல்லாத் தலைசுற்றலும் இது அல்ல. பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியம்மாவுக்கு அடுத்த ஆண்டு மறுபடி வந்தது. இது திரும்பி வரக்கூடியதுதான். இந்த முறை எக்ஸ்ரேயும் இல்லை, பட்டையும் இல்லை. "வலது காதுதான் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்தார்.