விழுந்த பல்லின் வேர் எங்கே போனது?

மெரினாவில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தையைக் கடித்தபோதுதான் அக்கா மகளின் கீழ் முன்பல் விழுந்தது. ஒரு வாரமாக நாக்கால் ஆட்டிக்கொண்டே இருந்த பல். மணலில் தொலைந்துவிடாமல் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் தெருவில் இப்போது ஓட்டு வீடும் இல்லை, சாணியும் இல்லை. பாட்டி அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் எறியச் சொன்னார். அவளோ பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தி, பல்லுக்கு வேர் இருக்கிறது என்று சொன்னாயே, எங்கே அது?" என்று கேட்டாள்.

நானும் வாங்கிப் பார்த்தேன். மேலே பளபளவென்று பால் வெள்ளை. அடியில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றி அரித்தாற்போல் சொரசொரப்பான விளிம்பு, ஒரு பொட்டு இரத்தம். அவ்வளவுதான். வேர் முறிந்து ஈறுக்குள்ளேயே தங்கிவிட்டதோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். மூன்று வயதில் அந்தப் பல்லுக்கு, வெளியே தெரியும் பகுதியைவிட நீளமான வேர் இருந்தது. அதை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டது.

கரைப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்களின் நெருங்கிய உறவினர்கள் இவை. பல சிறு செல்கள் ஒன்றாக இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகி வேரின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றன. பிறகு மிஞ்சிய புரதத்தை நொதிகளால் செரிக்கின்றன. இந்த வேலை ஒரே மூச்சில் நடப்பதில்லை. நடுநடுவே ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் அரித்த இடத்தில் கொஞ்சம் பழுதுபார்ப்பும் நடக்கிறது. நேற்று ஆடிய பல் இன்று கெட்டியாக இருப்பதாகக் குழந்தைகள் சொன்னால் நம்புங்கள்.

இந்தச் செல்களை அழைப்பது யார்? அடியிலிருந்து புதுப்பல் முட்டித் தள்ளுவதால் பழைய பல் விழுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1980களில் நாய்க்குட்டிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று என்னை வியக்க வைத்தது. முளைக்கவிருந்த பல்லை எடுத்துவிட்டு, அதைச் சூழ்ந்திருந்த மெல்லிய பையை மட்டும் விட்டுவைத்து, உள்ளே பல் வடிவ உலோகத் துண்டை வைத்தார்கள். அந்த உலோகமும் 'முளைத்து' வெளியே வந்தது! பையை எடுத்துவிட்டாலோ பல் முளைக்கவே இல்லை. ஆக, வழி அமைப்பது அந்தப் பைதான். அது அனுப்பும் வேதிச் சமிக்ஞைகளால் மேலே எலும்பு கரைந்து பாதை திறக்கிறது, அடியில் புது எலும்பு வளர்கிறது. பால்பல்லின் வேரைக் கரைக்கும் செல்களைத் தூண்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அடியில் நிலைப்பல் பிறவியிலேயே இல்லாத சிலருக்கு முப்பது வயதிலும் பால்பல் விழாமல் நிற்பதைப் பல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

கீழ் முன்பற்கள் பழைய பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கம் முளைப்பது சகஜம். சில வாரம் இரட்டை வரிசை தெரியும். பெரும்பாலும் பழையது தானாக விழுந்ததும் நாக்கே புதியதை முன்னால் தள்ளிவிடும். பழையது அசையாமலே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுப்பல் சற்று மஞ்சளாகவும், நுனியில் ரம்பம்போலவும் இருந்தால் அதுவும் இயல்புதான்.

எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. "விழப்போகும் பல்தானே" என்று சொத்தையை அப்படியே விட்டுவிடுகிறோம். பால்பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை சோறு மென்றாக வேண்டும். அவற்றின் வேரில் சீழ் வைத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலும் கெடலாம். ஒன்றைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பிறகு வருகிற பல்லுக்கு இடமிருக்காது. அதனால்தான் மருத்துவர்கள் சில குழந்தைகளுக்கு அந்த இடத்தைக் காக்கக் கம்பி வளையம் போடுகிறார்கள்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது ஒரு நிலைப்பல். 32 நிலைப்பற்களில் 20 மட்டுமே பால்பற்களின் இடத்துக்கு வருகின்றன. மற்ற 12 பெரிய கடைவாய்ப்பற்களும் எதையும் விழச் செய்யாமல் பின்னால் முளைப்பவை. அவற்றில் முதலாவது ஆறு வயதை ஒட்டி ஓசையில்லாமல் வந்துவிடும். எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆழமான பள்ளங்கள் கொண்ட பல் என்பதால் மிட்டாயும் பிஸ்கட்டும் அதில் அப்பிக்கொள்ளும்.

அன்றிரவு அக்கா மகளை வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச் அடித்து எண்ணினேன். நடுவிலிருந்து பின்னோக்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு பால்பற்கள் முடிகின்றன. அதற்கும் பின்னால், ஈறு இன்னும் பாதி மூடிய நிலையில், வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.