'ஃபாஸ்ட்' என்பது விரைவு அன்று

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் நாய், பூனை வளர்ப்போருக்காகத் தமிழில் அச்சிடும் துண்டறிக்கைகளில் 'விரைவு ஸ்கேன்' என்ற சொல் தொடர்ந்து கண்ணில் படுகிறது. வண்டியில் அடிபட்ட நாயின் வயிற்றில் முதலில் செய்யும் 'ஃபாஸ்ட்' சோதனையைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

அது வேகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அன்று; காயத்துக்காகக் குறித்த இடங்களில் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கொண்டு செய்யும் மதிப்பீடு என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். மனித மருத்துவத்தில் 1990-களில் நிலைபெற்றது. வாகனத்தில் அடிபட்ட 100 நாய்களை இம்முறையில் சோதித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதலெழுத்துகள் தற்செயலாக வேகம் என்ற சொல்லாக அமைந்ததால் அதையே பெயர்ப்பதென்றால், எய்ட்ஸ் நோயை 'உதவிகள்' என்றல்லவா அழைத்திருக்க வேண்டும்?

சோதனை சில நிமிடங்களில் முடிவது உண்மைதான். ஆனால் 'விரைவு' என்றதும், வயிறு முழுவதையும் அவசரமாகப் பார்த்துவிட்டதாக நாயைக் கொண்டுவந்தவர் எண்ணுகிறார். ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். இங்கே கேட்கப்படுவதோ ஒரே கேள்வி: இருக்கக் கூடாத இடத்தில் நீர் தேங்கியிருக்கிறதா? கல்லீரலை ஒட்டிய உதரவிதானம், மண்ணீரலும் இடச் சிறுநீரகமும் சேருமிடம், சிறுநீர்ப்பை, கல்லீரலை ஒட்டிய வலச் சிறுநீரகம் ஆகிய நான்கு இடங்களில் கருவியை வைத்துக் கறுப்பாகத் தெரியும் நீரைத் தேடுகிறார்கள். அது இரத்தமா, கிழிந்த சிறுநீர்ப்பையிலிருந்து கசிந்ததா என்பதை ஊசியால் உறிஞ்சித்தான் அறிய வேண்டும். இரத்தக்கசிவு பிந்தியும் தெரியலாம் என்பதால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள்; அதை 'விரைவு' எங்கே சொல்கிறது?

அத்தொடரின் முதற்சொல்லான 'ஃபோகஸ்டு' என்பதற்குத் தூய தமிழ் என்று சிலர் முன்வைக்கும் 'குவிய மதிப்பீடு' இன்னும் மோசம். குவியம் கண்ணாடி வில்லைக்கு உரியது. இங்கே அச்சொல் குவிவதைச் சொல்லவில்லை, இடம்தான் குறிக்கப்படுகிறது. மீயொலிக்குப் பதிலாகக் 'கேளா ஒலி' என்பதும் நாயிடம் சற்றுச் சங்கடமானது. மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்சுக்கு மேலும் அதற்குக் கேட்கும். சோதனைக் கருவியின் ஒலி அதன் செவிக்கும் எட்டாது என்றாலும், யாருக்குக் கேளாதது என்ற கேள்வியை அச்சொல் கிளப்பிவிடுகிறது. 'மீ' என்றால் மேல். எல்லைக்கு மேற்பட்ட ஒலி என்பதோடு மீயொலி நின்றுகொள்கிறது.

ஆகவே 'இடங்குறித்த மீயொலிச் சோதனை' என்பதே என் தெரிவு. பேச்சில் 'ஃபாஸ்ட் ஸ்கேன்' என்று பெயராகவே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. எழுத்தில் மட்டும் அதை விரைவாக்க வேண்டாம்.